உலர் நீச்சல்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பலகை போட்டு உயர்த்திய இடத்தில், துண்டு விரித்த சுழல் நாற்காலியில், மண்டல மேலாளர் சிவசங்கரன். அவருக்கு வலப்புறம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நலவாழ்வு அலுவலர் அனுராதா. இடப்புற நாற்காலியில் யாரும் இல்லை. மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் உட்கார என்று எப்போதோ போட்டது, அதனால் யாரும் உட்காரக் கூடாது. முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே கண்காணிப்பாளர் எலியேசர். விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அவருடைய இடம். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவு மொத்தமும். ஜன்னலோரம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டச்சர் சாலோமி. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தபால் பிரிவு திருஞானசம்பந்தம்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மேலாளர் தெரியமாட்டார். மேலாளருக்கும் நாம் தெரியமாட்டோம். சர்வீஸில் பாதியைச் செலவழித்து சம்பந்தம் தேடிப் பிடித்த இடம் அது.

மாநில வாழைப்பொருள் மேம்பாட்டுக் கழகத்தின் திருநெல்வேலி மண்டல அலுவலகம், தச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இருக்கிறது. வாழைநாரில் கயிறு, வாழைத்தண்டில் காகிதம், வாழைப்பூவில் ஊறுகாய் என்று ஆற்றங்கரை விவசாயிகளை எல்லாம் தூக்கி நிறுத்துவதற்காகத் தொடங்கியது. கயிறு இன்னும் வரவில்லை. கயிறு பற்றிய கடிதங்கள் பீரோக்கள் நிறைய இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ முக்கூடலிலிருந்தோ எப்போதாவது ஒரு விவசாயி தாரும் கையுமாக வந்து நின்றால், "நாங்க வாழை வாங்குததில்ல, மேம்படுத்துததோட சரி" என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட கழகத்துக்குத் தன் ஊழியர்களின் உடம்பைப் பற்றித் திடீரென்று கவலை வந்துவிட்டது. கட்டாயத்துக்குச் செய்கிற உடற்பயிற்சியை மனிதர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள், பிடித்துச் செய்வதைத்தான் ஆயுசுக்கும் தொடர்கிறார்கள் என்று எங்கோ யாரோ ஆராய்ந்து சொல்லியிருந்தார்கள். தலைமை அலுவலகம் அதைப் படித்து, யோசித்து, ஊழியர்கள் அனைவரும் ஆளுக்கொரு பயிற்சியைக் கட்டாயமாகப் பிடித்துச் செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டது. 'நீடித்த மகிழ்வுறு உடற்பயிற்சித் திட்டம்' என்று பெயர்.

சிவசங்கரன் எழுந்து, துண்டை நீவிவிட்டுப் பேசினார்.

"தோழர்களே, மகிழ்ச்சி என்பது தனிமனிதர்களின் கையில் விடத்தக்க பொருளன்று. விட்டால் வீணடித்துவிடுவார்கள். அதை முறைப்படுத்தவே நிர்வாகம் இருக்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் மகிழ்ச்சியாக இருந்ததே இல்லை. ஆனால் அதற்காக ஒருநாளாவது விடுப்பு எடுத்திருப்பேனா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அனுராதாவும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

பிறகு ஆளுக்கொரு தாள் வந்தது. 'தங்களுக்கு மகிழ்வளிப்பதும், நெடுங்காலம் தொடரத்தக்கதுமான பயிற்சி யாது?' என்று ஒரே கேள்வி. ஒருமுறை எழுதினால் ஓய்வுபெறும் வரை அதுதான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாள் வந்தாலும் முதலில் எலியேசர் எழுதுவார். எழுதிவிட்டு லேசாகத் தலையைத் திருப்பி, பின்வரிசைக்கு ஒரு வார்த்தை சொல்லுவார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போகும். எல்லோரும் அதையே எழுதுவார்கள். இதனால் இதுவரை யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. அன்றைக்கும் எலியேசர் சொன்னார்: "நடைப்பயிற்சின்னு எழுதுங்க. நடக்கோமா நடக்கலையான்னு ஒரு பய கண்டுபிடிக்க முடியாது." கணக்குப் பிரிவு எழுதியது. சாலோமி எழுதினார். வார்த்தை தூண்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

தூணுக்குப் பின்னால் சம்பந்தம் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தார். தனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வியை இந்த அலுவலகம் கேட்பது இதுதான் முதல்தடவை. முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'தாமிரபரணி ஆற்றில் நீந்துதல்.'

பாவம், மனிதர் உண்மையைத்தான் எழுதினார்.

அந்தப் பதிலுக்கு அவர் சும்மா வந்து சேர்ந்துவிடவில்லை. சர்க்கரை வந்த புதிதில் டாக்டர் சொல்லியிருந்தார்: "உமக்குப் பிடிச்சதாப் பாத்து ஒண்ணு செய்யும். பிடிக்காததச் செஞ்சா விட்டுருவீரு." சொன்னபடியே விட்டார். முதலில் மைதானத்தில் நடந்தார். அங்கே எல்லோரும் ஒரு திசையில் சுற்ற, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பட்டு, "மகனுக்கு வேலை ஆச்சா?" என்று கேட்டார். போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் நடுவில் எப்படி ஆகும்? அங்கிருந்து யோகாவுக்குப் போனார். கடைசியில் படுத்துக்கொள்கிற ஆசனம் மட்டும் நன்றாக வந்தது. குறட்டையோடு வந்ததால் நிறுத்திவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் நாலு சுவரிலும் கண்ணாடி. நாலு பக்கமும் தன்னையே பார்க்கிற மனத்தெம்பு அவருக்கு இல்லை.

அப்போதுதான் தாஜ் முகம்மது கூப்பிட்டார். மேலப்பாளையத்தில் கைலி வியாபாரம். பள்ளிக்கூடத்தில் சம்பந்தத்தோடு ஒரே பெஞ்சு. காலையில் தொழுதுவிட்டு நேரே சிந்துபூந்துறைப் படித்துறைக்கு வந்துவிடுவார். "சக்கரைதானவே? தண்ணியில போட்டா கரைஞ்சிட்டுப் போவுது. ஆத்துக்கு வாரும்" என்றார்.

படித்துறையிலிருந்து ஆற்றுக்குள் நிற்கிற கல்மண்டபம் வரை நீந்த வேண்டும். மண்டபத்தில் ஏறி உட்கார்ந்து, உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் ஒரு பாடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புகிறது பந்தயம். தோற்றவன் ஜெயித்தவனின் துண்டைப் பிழிந்து கொடுக்க வேண்டும். தாஜ், "ஒண்ணு, ரெண்டு" சொல்லி மூன்று சொல்வதற்குள் தண்ணீரில் பாதி தூரம் போயிருப்பார். சம்பந்தம் தினமும் தோற்றார், தினமும் துண்டு பிழிந்தார், மறுநாள் காலை எப்போது வரும் என்று படுத்தார். போன தை மாதம் ஒருநாள் ஜெயித்தே விட்டார். "சவத்த, துண்டாவே இது? ஜமுக்காளம்லா" என்று திட்டிக்கொண்டே தாஜ் பிழிந்து கொடுத்த துண்டை, சம்பந்தம் வீட்டுக்கு வந்து தன் மனைவி ஞானம்பாளிடம் காட்டினார். ஞானம்பாள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பிழிஞ்சிருக்காக" என்றாள். சர்க்கரையும் இறங்கியிருந்தது.

இதைத்தான் அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்.

நடைப்பயிற்சி என்று எழுதிய அத்தனை பேருடைய தாள்களும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, பீரோவில் கயிறு பற்றிய கடிதங்களுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. சம்பந்தத்தின் தாள் மட்டும் எந்தக் கட்டிலும் சேரவில்லை. சேராததற்குத் தனிக் கோப்பு திறப்பது விதி. கோப்பு திறந்தால் அதில் ஏதாவது போட வேண்டும். தலைமை அலுவலகம் அவரை 'முன்மாதிரிப் பயனாளி' என்று அறிவித்தது.

"என்ன எளவுவே செஞ்சு வச்சிருக்கீரு?" என்று கேட்டார் எலியேசர். "வார்த்தை வரலையா உமக்கு?"

"இல்லையே சார். தூணு மறைச்சிட்டு."

"தூணுக்குப் பின்னால போயி உக்காந்தா அப்பிடித்தான். இனி கர்த்தரு பாத்துக்கிடட்டும்."

ஒரு காலையில் அனுராதா மகிழ்ச்சி ஆய்வுக்கு வந்தார். படித்துறையில் குடை பிடித்து, கையில் அட்டையோடு நின்றார். நல்ல பெண்தான். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

"சார்! இப்ப எவ்ளோ?" என்று கரையிலிருந்து கத்தினார்.

"எதும்மா?" என்றார் சம்பந்தம், ஆற்றின் நடுவில் தலையைத் தூக்கி.

"மகிழ்ச்சி சார்! பத்துக்கு எவ்ளோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்ததில் தாமிரபரணி உள்ளே போயிற்று. இருமினார். முங்கினார். பின்னால் வந்த தாஜ், "ஏழரைன்னு போடுங்கம்மா! ரொம்ப நாளா நடக்குது அவருக்கு!" என்று கத்தினார். சம்பந்தம் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். பந்தயத்தில் வழக்கம்போலத் தோற்றார். கரையேறி தாஜின் துண்டைப் பிழிந்து, "இந்தாரும், உம்ம கிரீடம்" என்று தலையில் வைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அனுராதாவின் அறிக்கை தபாலில் வந்தது. தபால் பிரிவு சம்பந்தம்தான் உறையைப் பிரித்தார். 'நீந்தும்போது பயனாளியின் முகத்தில் மகிழ்ச்சிக்குரிய குறிகள் காணப்படவில்லை; இருமலே காணப்பட்டது. கரையேறித் துண்டைப் பிழிந்தபோது மகிழ்ச்சி தெளிவாகத் தென்பட்டது. எனவே துண்டு பிழிதலையே பயிற்சியாகக் கொள்ளலாமா எனத் தெளிவுரை வேண்டப்படுகிறது. மேலும், உடனிருந்த நபர் யார் எனவும் தெரியவில்லை.'

சிவசங்கரன் கூப்பிட்டு விட்டார்.

"யார் அந்த ஆள்?"

"கூட்டாளி சார். தாஜ் முகம்மது. கைலிக் கடை."

"கழக ஊழியரா?"

"இல்ல சார். கைலிக் கடை."

"உமது மகிழ்ச்சியில் அவருடைய பங்கு எவ்வளவு?"

சம்பந்தம் யோசித்தார். ஒழுங்காகக் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியே பழகிவிட்டவர். "முக்காலுக்கு மேல இருக்கும் சார்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாரும், கழகத்தின் திட்டத்தில் கழகத்தின் ஊழியர் அடைகிற மகிழ்ச்சி, வெளி ஆளிடமிருந்து வரலாமா? நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள். எனக்கும் ஒரு காலத்தில் கூட்டாளிகள் இருந்தார்கள். பதவி உயர்வு வந்ததும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டேன். எந்தத் தணிக்கையிலும் என்மேல் ஒரு கேள்வி வந்ததில்லை."

உத்தரவு வந்தது. பயிற்சி நேரத்தில் வெளி நபர் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். உடன் இருப்பதற்குக் கழக ஊழியர் ஒருவர் நியமிக்கப்படுவார். எலியேசரை நியமித்தார்கள். எலியேசருக்கு நீந்தத் தெரியாது. காலுறை, பூட்ஸோடு வந்து படியில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். "நான் இருக்கேம்வே. நீரு சந்தோசமா இரும்" என்பார்.

தாஜ் அக்கரையில் தனியாக நீந்தினார். அங்கிருந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று கத்துவது தண்ணீரில் பாதி தேய்ந்து வந்து சேரும். இங்கே சம்பந்தம் மண்டபத்தில் ஏறித் தனியாக உட்கார்ந்திருப்பார். யாரைப் பற்றியும் பேசுவதற்கு ஆளில்லாமல் உலகம் அப்படியே கிடந்தது.

அடுத்தது பாதுகாப்பு. ஊழியர் ஆற்றில் போய்விட்டால் கோப்பு முடியாமல் நின்றுவிடும் என்று தலைமை அலுவலகம் பயந்தது. மிதவை கட்டாயம். கழகமே வாழைக் கழகமாக இருக்கையில் மிதவையை வெளியில் வாங்கலாமா? இரண்டு வாழைத்தண்டை வெட்டி, சம்பந்தத்தின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினார்கள். ஆற்றங்கரையில் நாலு வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கக் கட்டுவது அது. கட்டுவதற்குக் கழகத்தின் வாழைநார்க் கயிறு இன்னும் வராததால் நைலான் கயிறு. படம் எடுத்து, 'நமது உற்பத்திப் பொருள் பயன்பாட்டில்' என்று சென்னைக்கு அனுப்பினார்கள்.

வாழைத்தண்டு கட்டியவனால் முங்க முடியாது. புரள முடியாது. ஒரே பக்கமாக மிதந்துகொண்டு போகலாம். படித்துறையில் துணி துவைத்த பெண்கள், "அண்ணாச்சி, பையப் போங்க, ஆழம்" என்றார்கள். அக்கரையிலிருந்து சத்தம் வந்தது: "சம்பந்தம்! தாரு எப்பவே தள்ளும்?"

சம்பந்தம் பதில் சொல்லவில்லை. வெளி நபரோடு பேசக் கூடாது.

இதற்கிடையில் கழகத்தில் ஒருவருக்கு, ஆறு யாருடையது என்ற சந்தேகம் வந்தது. கழகத்துடையது அல்ல என்று தெரிந்தது. அது இன்னொரு இலாகாவுக்குச் சொந்தம். அனுமதி கேட்டு எழுதினார்கள். 'தாங்கள் பயன்படுத்த உத்தேசித்துள்ள நீர், ஓடும் நீரா, நிற்கும் நீரா? ஓடும் நீரெனில், பயன்படுத்தும் நேரத்தில் எந்த நீர் எனக் குறிப்பிடுக' என்று பதில் வந்தது. அதற்கு விளக்கம் எழுதப்பட்டது. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அனுமதி வரும் வரை ஆற்றில் இறங்கக் கூடாது. ஆனால் பதிவான பயிற்சியை நிறுத்தவும் கூடாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் சிவசங்கரன். "நீச்சலுக்கு எதற்குத் தண்ணீர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தாம் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று தமக்கே தெரிந்துபோய், நாற்காலித் துண்டை இன்னொருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் கூட்ட அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டார்கள். சம்பந்தம் சட்டையைக் கழற்றாமல் குப்புறப் படுத்தார். வாழைத்தண்டு விதிப்படி முதுகில் இருந்தது. நீரோட்டத்துக்காக மேசை விசிறியைத் தலைமாட்டில் வைத்தார்கள். "தொடங்கலாம்" என்றார் மேலாளர். சம்பந்தம் கையை வீசினார். காலை உதைத்தார். எங்கேயும் போகவில்லை. பல்லி ஒன்று மேலே நின்று பார்த்தது. சாலோமி தட்டச்சைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. சம்பந்தத்துக்கு இப்போது இருமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, ஒவ்வொரு வீச்சுக்கும் கரைப்பக்கம், அதாவது மேலாளர் பக்கம், திரும்பிச் சிரிக்க முடிந்தது. சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், சிரித்தார்.

காணொளி சென்னைக்குப் போயிற்று. 'உலர் நீச்சல்' என்று பெயர் சூட்டி, எல்லா மண்டலங்களுக்கும் பரிந்துரைத்தார்கள். பத்துக்கு ஒன்பது.

"தண்ணீர்தான் உமது மகிழ்ச்சிக்குத் தடையாக இருந்திருக்கிறது" என்றார் சிவசங்கரன், தோளில் தட்டி. "நிர்வாகம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது."

யாருக்கும் தெரியாமல் போய் ஒரு முங்கு போட்டுவிட்டு வரலாமே என்றால், அதுவும் நடக்காது. அனுமதி நிலுவையில் இருக்கும்போது பதிவான பயிற்சியைச் செய்வது ஒழுங்கீனம். ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். நடைப்பயிற்சி எழுதியவர்களையும் இப்போது காலையில் எங்காவது நிற்கச் சொல்லிப் படம் கேட்கிறார்கள் என்பதால், அலுவலகம் மொத்தமும் விடியற்காலையில் ஆற்றுப்பாலத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. பாலத்திலிருந்து பார்த்தால் படித்துறை நன்றாகத் தெரியும். ஊரில் எருமைக்குக்கூட ஆற்றில் இறங்க உரிமை இருந்தது. பின்கட்டு பெஞ்சில் குப்புறக் கிடந்த ஒருத்தருக்கு மட்டும் இல்லை.

சர்க்கரை ஏறியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீச்சல விட்டுட்டீரா?"

"இல்ல டாக்டர். ஒழுங்கா நீந்துதேன்."

"எங்கன?"

"பெஞ்சில."

டாக்டர் வேறு மாத்திரை எழுதலாமா என்று யோசிப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் ஞானம்பாள் சோற்றைக் குறைத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "தூக்கத்துல கைய வீசுதீங்க. அதான் போகட்டும்னு பாத்தா, என்னையப் பாத்துச் சிரிக்கவும் செய்யுதீங்க. எனக்குப் பயமா இருக்கு. இன்னும் எத்தன வருசத்துக்கு?"

"ரிட்டையர் ஆகுத வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் வருசத்துக்கு ஒருக்கா வந்து செஞ்சு காட்டணுமாம். பென்சனுக்கு."

ஞானம்பாள் எழுந்துபோய், கொடியில் கிடந்த அந்தத் துண்டை எடுத்து மடித்தாள். மாதக்கணக்காக நனையாத துண்டு, மடித்தால் விறைத்து நின்றது.

வழி சொன்னவர் எலியேசர். மனசு கேட்கவில்லை போலும்; விதிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வந்தார்.

"ஒரே ஒரு சந்து இருக்குவே. பதிவு பண்ணுன பயிற்சி தனக்கு எந்தக் காலத்துலயும் மகிழ்ச்சி தந்ததில்லைன்னு ஊழியரு எழுதிக் குடுத்தா, பதிவு ரத்து. தெரிஞ்சுதான் எழுதுனீரு, ஆனாலும் தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுக்கணும். கண்ணால பாத்த ஒரு ஆளு சாட்சி போடணும். வெளி ஆளுதான் போடணும், நாங்க போட்டாச் செல்லாது. அப்புறம் எல்லாரு மாதிரியும் நடைப்பயிற்சின்னு எழுதிப் போடும்."

"அப்ப ஆறு?"

"ஆத்துக்குப் போனா அது பயிற்சியில்லலா. குளிப்பு. குளிக்கதுக்கு நம்ம கழகத்துல விதி கிடையாது, நான் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு." எலியேசர் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல நீரு சந்தோசமா இருக்கதை யாராவது பாத்துட்டா, எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். பாலத்துல பூரா நம்ம ஆளுதான். மூஞ்சியப் பாத்துக்கிடும்."

தாஜ் முகம்மது சாட்சி போட அலுவலகத்துக்கே வந்தார். தபால் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கடிதத்தைப் படித்தார். சம்பந்தத்தின் முத்து முத்தான கையெழுத்து: 'தாமிரபரணி ஆற்றில் நீந்துவது எனக்கு எக்காலத்திலும் மகிழ்வளித்ததில்லை.'

படித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் விழுந்திருந்தது. "எக்காலத்திலுமாவே?"

"அப்பிடித்தான் எழுதணும்னு சொல்லுதாவோ."

"இதுல நான் கையெழுத்துப் போடணுமாக்கும். பொய்ச்சாட்சி சொல்லுத பழக்கம் எனக்குக் கிடையாது பாத்துக்கிடும். நாளைக்கு அல்லா கேட்டா நான் வாழைக் கழகம்னா சொல்லுதது?"

எலியேசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தாஜ் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"சரி. எனக்குத் தெரிஞ்ச உண்மைய எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதினதை வாசித்துக் காட்டினார்: "'மேற்படியார் என்னோடு நீந்திய நாட்களில் ஒருமுறையேனும் என்னை ஜெயித்ததில்லை என்பதை நான் அறிவேன். எப்போதும் தோற்பவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்குமா என்பதை அதிகாரிகளே முடிவு செய்துகொள்ளலாம்.'"

சம்பந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னவே இது? தையில நான் ஜெயிக்கலையா? நீரு துண்டு பிழிஞ்சீரா இல்லையா? எலியேசர் சார், நீங்க கேளுங்க! என் பொஞ்சாதிட்டக் கேளுங்க!"

"பிழிஞ்சேன். இல்லைங்கல."

"பொறவு?"

"அன்னைக்கு நடு ஆத்துல எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சிக்கிட்டுவே. மண்டபத்துலருந்து பாதி தூரம் ஒத்தக் கால்லதான் வந்தேன். அத நான் தோல்வின்னு எந்தக் காலத்துலயும் ஒத்துக்கிட்டதில்ல. அதனால இது பொய்யில்ல."

"கால் பிடிச்சிதா? இத்தன நாளு சொல்லவே இல்ல?"

தாஜ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "கரையேறி நீரு குதிச்ச குதி எனக்குத்தானவே தெரியும். ஓடிவந்து துண்ட நீட்டுதீரு. அப்ப போயி எப்பிடிச் சொல்ல?"

கால் நிஜமாகவே பிடித்ததா, பொய்ச்சாட்சி சொல்லாமல் தன்னைக் காப்பாற்றுவதற்காக இந்த நிமிஷம் பிடித்ததா? சம்பந்தம் தாஜின் கைலிக்குக் கீழே தெரிந்த கெண்டைக்காலைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜெயித்த ஒரே நாளைக் கொடுத்தால் மற்ற நாட்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கும். தோற்கிற நாட்கள், துண்டு பிழிகிற நாட்கள். அவர் உட்கார்ந்தார்.

"அப்பிடியே இருக்கட்டும்" என்றார். "கையெழுத்துக்குக் கீழ தேதி போடும்."

கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டார். பசை தடவி ஒட்டினார். மேலாளர் அறையிலிருந்து, இனி உலர் நீச்சலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே என்று கணக்குப் பிரிவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிற சத்தம் வந்தது. தபால்காரர் பையோடு வாசலில் வந்து நின்றார். எலியேசர் மெழுகுவத்தியைக் கொளுத்திக் கொடுத்தார். அரக்கு உருகி, உறையின் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"நாளைக்கு வாரீருல்லா?" என்றார் தாஜ். "மூஞ்சிய மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வச்சிக்கிடும். நானும் வச்சிக்கிடுதேன். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா பாலத்துக்குத் தெரியாது."

"இப்பவே வச்சுக் காட்டும்."

தாஜ் வைத்துக் காட்டினார். கைலிக் கடையில் கடன் கேட்டு வந்தவனுக்குக் காட்டுகிற முகம் அது. ஒரு ரோமம் அசையவில்லை.

சம்பந்தமும் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே குனிந்து மெல்லக் கேட்டார்: "வே, நெசமாவே கால் பிடிச்சிதா?"

தாஜின் முகம் அப்படியே இருந்தது. "அரக்கு காயுதுவே" என்றார். "முத்திரையக் குத்தும்."

சம்பந்தம் பித்தளை முத்திரையை வைத்து அழுத்தினார். எடுத்தபோது அரக்கில் கழகத்தின் வாழைத்தார் பதிந்திருந்தது, ஒரு சீப்பு மட்டும் கொஞ்சம் நசுங்கி. உறையைத் தபால்காரரிடம் நீட்டினார். அவர் மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்னவோ என்று கேட்கத் தயங்கி, இரண்டு கையாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்.